பறையும் மின்கிற்றாரும்: 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் ஆரம்பகாலப் பாடல்கள் பற்றிய ஒரு நோக்கு

தமிழில் இசை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கருநாடக இசை, நாட்டார் பாடல், திரையிசை என்னும் மூன்று வட்டங்களுக்குள்ளேயே நடைபெற்று வந்துள்ளன. பறையும் மின்கிற்றாரும் ஒரே மேடையில் ஒலிக்கும் புதிய இசைக்குழுக்களைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. 2018 ஜனவரி 6ஆந் திகதி சென்னையில் தனது முதல் நிகழ்ச்சியை நடத்திய 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் ஆரம்பகாலப் பாடல்களையும், அவற்றிலிருந்து கிளைத்த ஒலியின் வளர்ச்சியையும் இங்கு நோக்க முற்படுகின்றோம். இவ்வளர்ச்சியின் ஒரு முனை மலையகத் தேயிலைத் தோட்டங்களைத் தொடுவதால், வட்டவளையிலிருந்து அதனை மதிப்பிடுவது பொருத்தமுடையதாகும்.

இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து இக்குழுவை உருவாக்கினர். கானாப் பாடகர், றப் பாடகர், கருவியிசைஞர் எனப் பத்தொன்பது பேர் தொடக்கத்தில் இதில் இடம்பெற்றனர். குழுவின் பெயர் அயோத்திதாச பண்டிதர் (1845–1914) கையாண்ட 'சாதிபேதமற்ற' என்னும் கருத்திலிருந்து பெறப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடிசன மதிப்பீட்டின் மொழியோடு போராடப் பிறந்த அச்சொல், இருபத்தோராம் நூற்றாண்டில் ஓர் இசைக்குழுவின் பெயராக மீண்டமை மனங்கொள்ளத்தக்கது.

இக்குழுவினரைப் பங்க் இசைக்குழுவினர் என வரையறுத்தல் பொருந்தாது. எனினும் பங்க் இசையின் வரலாறு இவர்களை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகின்றது. வேலையின்மையும் இனவாதமும் பெருகிய எழுபதுகளின் பிரித்தானியாவில், இசைப்பயிற்சியின் நேர்த்தியைப் புறந்தள்ளிய கரடுமுரடான ஒலியாகப் பங்க் எழுந்தது. 'த கிளாஷ்' குழு 1977இல் வெளியிட்ட முதல் அல்பத்திலேயே ஜமெய்க்காவின் ரெகே பாடலொன்றைத் தனது பாணியிற் பாடியது. 1979இல் வந்த 'லண்டன் கோலிங்' ரெகே, ஸ்கா, றொக்கபிலி முதலிய பல இசைமரபுகளை உள்வாங்கி விரிந்தது. முதல் அல்பத்தின் வேகத்தையே மெய்யான பங்க் எனக் கொண்டோர் பின்னையதைத் தளர்ச்சியாகக் கண்டனர். நேர்த்தியை விரும்பியோர் முன்னையதைப் பக்குவமின்மையாகக் கண்டனர். இரு சாராரும் ஒலியை அதனை எழுப்பிய சமூக உறவுகளிலிருந்து பிரித்தே நோக்கினர் எனலாம்.

'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதற்கட்டப் பாடல்கள் பற்றியும் இத்தகைய கருத்துக்களே கூறப்படுகின்றன. இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி உணவு, அம்பேத்கர், வடசென்னையின் வாழ்வு ஆகியன அவற்றின் பொருள். இவை வெறுங் கோஷங்கள் என்பது வாதம். ஆனால் அவற்றின் உருவத்தைக் கூர்ந்து நோக்குமிடத்து வேறொன்று புலப்படும். கானா வடசென்னை உழைக்கும் மக்களின் இசை. சாவு வீட்டிற் பாடப்பட்டமையால் தாழ்வாகக் கருதப்பட்டது. பறையும் அவ்வாறே இழவோடு கட்டப்பட்டது. பறை, சட்டி, கட்டமோளம் ஆகியவற்றை மின்கிற்றாரோடு சமமாக நிறுத்துவதன் மூலம் இக்குழு அவற்றைத் துக்கத்தின் எல்லையிலிருந்து விடுவித்தது. கருவிகள் ஒன்றினுள் ஒன்று கரையாமல் மோதி நிற்பதைக் குறை என்பர் சிலர். அம்மோதலே அப்பாடல்களின் உள்ளடக்கத்துக்கு உரிய உருவம் என்பது எமது கருத்து. முரண்பாடு தீராத சமூகத்தில் இசைவு மட்டும் முன்கூட்டியே கிட்டிவிடுமாயின், அது ஐயத்துக்குரியதேயாகும்.

வளர்ச்சியின் அடுத்த படிகளும் இம்மோதலிலிருந்தே தோன்றின. ஆண்களின் களமாக விளங்கிய கானாவில் இசைவாணியின் குரல் இடம்பெற்றமை முதலாவது. கோயில் நுழைவில் பெண்ணின் உரிமையைக் கோரி அவர் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' கானாவின் பொருளை மாத்திரமன்றி அதன் குரலையும் மாற்றியது. இரண்டாவது, குழுவின் பாடலாசிரியருள் ஒருவரான அறிவு 2019இல் வெளியிட்ட 'தெருக்குரல்' தொகுதி. இங்கு கூட்டுக்குரல் தனிக்குரலாகவும், மேடை முழக்கம் வாதமாகவும் மாறக் காண்கின்றோம். மூன்றாவது, அதே அறிவு எழுதி, தீயுடன் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி'. இது குழுவின் பாடலன்று. எனினும் குழுவின்றி இது பிறந்திருக்காது. ஒப்பாரியும் தாலாட்டும் நடனத் தாளமும் இதில் ஒன்றுள் ஒன்று கரைந்துவிட்டன.

தம் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர் என அறிவு கூறியுள்ளார். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி செய்யப்பட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. கொழுந்து பறித்த கரங்கள் கணக்கேட்டில் எண்களாயின. அவ்வரலாற்றின் எச்சமே இப்பாடல். தோட்டம் செழித்தும் அதனை வளர்த்தவரின் தொண்டை நனையவில்லை என்னும் கருத்து அதன் மையத்தில் உள்ளது. உழைப்பின் விளைபொருள் உழைத்தவனுக்கே அந்நியமாதல் என மார்க்ஸ் 1844இல் விளக்கியதை இதனிலும் எளிமையாகக் கூறுதல் அரிது. தமிழகத்துக் கேட்போர்க்குத் 'தோட்டம்' ஒரு பூங்காவாக இருக்கலாம். வட்டவளையில் அச்சொல்லுக்கு எஸ்டேற் என்பதே முதற் பொருள். உலகெங்கும் இப்பாடலுக்கு ஆடப்பட்ட அதே 2021 மார்ச்சிலேதான், நெடுங்காலக் கோரிக்கையின் பின்னர் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது.

ஆயினும் இங்கு ஓர் இழப்பும் உண்டு. முதற்கட்டப் பாடல்கள் எதிரியைப் பெயர் சொல்லிச் சுட்டின. 'எஞ்சாமி'யில் மண்ணும் முன்னோரும் உள்ளனர். துரையும் கங்காணியும் இல்லர். ஆண்டையை விளிக்கும் அதே 'சாமி' பேரப்பிள்ளையைக் கொஞ்சும் சொல்லாகவும் வழங்குவதில் பணிவும் பாசமும் ஒருங்கே ஒலிக்கின்றன. கேட்போர் பாசத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ள மெட்டு இடமளிக்கின்றது. பாடலின் உரிமை, பெயர்ச்சுட்டு ஆகியன பற்றி 2021, 2022ஆம் ஆண்டுகளில் எழுந்த விவாதமும் தற்செயலானதன்று. கூட்டாகப் பிறந்த ஒலி சந்தைக்குள் நுழையும்போது, அது யாருடைய உழைப்பு என்னும் வினா எழுந்தே தீரும்.

மலையகத்தில் இவ்வினாவுக்கு இன்னுமொரு பரிமாணம் உண்டு. தோட்டங்களில் தப்பு என்பது திருவிழாவினதும் இழவினதும் கருவி மட்டுமன்று. அதிகாலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும் அதுவே. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து விடியலைத் தப்பொலியோடு இணைத்துப் பாடியதன் காரணம் இதுவே. ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும் வட்டவளையில், ஈரத்தால் தளரும் தோலைத் தீயிற் காய்ச்சியே தப்பை ஒலிக்கச் செய்ய வேண்டும். அவ்வேலை குறிப்பிட்ட சாதியினர்மீதே சுமத்தப்பட்டது. சம்பளத்துக்காக ஒரே கொடியின்கீழ்த் திரண்டவர்கள், தப்பு யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் லயத்துக்கு லயம் பிரிந்தே நின்றனர். வர்க்கப் போராட்டம் முதிர்ந்தால் சாதி தானே உதிரும் என்ற எதிர்பார்ப்பை எமது தோட்டங்களின் வரலாறு மெய்ப்பிக்கவில்லை.

எனவே இக்குழுவின் ஆரம்பகாலப் பாடல்களைப் பக்குவமற்ற தொடக்கம் எனவும், 'எஞ்சாமி'யை முதிர்ச்சி எனவும் வரிசைப்படுத்துவதை நாம் ஏற்கவில்லை. நினைவை இசையாக்கும் ஆற்றல் பின்னையதில் வளர்ந்துள்ளது. ஒடுக்குமுறையைப் பெயர் சொல்லும் துணிவு முன்னையதிற் கூடுதலாக உள்ளது. மலையக இளைஞர் நாளை கிற்றாரையும் தப்பையும் சேர்த்தெடுப்பின் அவர்களுக்கு இவ்விரண்டுமே வேண்டப்படும். கோ. நடேசையரோடு மேடையேறி, தொழிலாளரின் துயரைப் பாட்டாகப் பாடிய மீனாட்சியம்மாளின் மரபு அவர்களுக்கு உண்டு. பிரட்டுக்கு அழைத்த அதே தோலில், அழைக்கப்பட்டவர்கள் எழுப்பும் ஒலியையே எமது திறனாய்வு எதிர்நோக்கி நிற்கின்றது.