ராட்டைக்கு முந்திய கை

கதர் என்றதும் எல்லோர் கண்ணிலும் நிற்பது ராட்டைதான். ஆனால் துணியின் தரத்தை அறிய விரும்புகிறவர் ராட்டைக்கு முன்னால் நடக்கும் வேலையைப் பார்க்க வேண்டும். நூலுக்கு முறுக்கேறுவது ராட்டையில். அந்த நூலின் குணம் பஞ்சைப் பக்குவம் செய்யும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஆந்திர மாநிலம் ஸ்ரீகாகுளம் மாவட்டத்துப் பொந்தூரு கதர் இதற்கு நல்ல சாட்சி. அங்கே கொட்டையோடு இருக்கும் நாட்டுப் பருத்தியை வாளை மீனின் தாடை எலும்பால் சீவுகிறார்கள். வரிசையாக அமைந்த நுண்ணிய பற்கள் தூசியையும் இலைத் துணுக்கையும் நீக்கி, நாரை ஒரே திசையில் படிய வைக்கின்றன. பிறகு பலகையில் வைத்து இரும்புக் கம்பியை உருட்டிக் கொட்டையைப் பிதுக்குகிறார்கள். சிறு வில்லால் பஞ்சைக் கொட்டித் திரியாக உருட்டுகிறார்கள். இத்தனைக்கும் பிறகே ஒற்றைக் கதிர் ராட்டை சுழல்கிறது. டாக்கா மஸ்லினுக்கான பஞ்சையும் இதே மீனின் தாடையால்தான் சீவினார்கள் என்பது தற்செயலாக இருக்க முடியாது.

இவ்வளவு பக்குவம் எதற்கு என்பதை நூலின் நம்பர் சொல்லும். 840 கஜம் நீளமுள்ள நூற்கட்டுக்குச் சிட்டம் என்று பெயர்; ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ, அதுவே நம்பர். 100-ம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு பஞ்சிலிருந்து 84,000 கஜம், ஏறக்குறைய 77 கிலோமீட்டர் நூல். அந்த மெல்லிய இழையில் நார்கள் இணையாகக் கிடந்தால்தான் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்; ஒரு துணுக்குக் குப்பை சிக்கினாலும் இழை முடிச்சிடும் அல்லது அறும். ஆலையின் வழி வேறு. பஞ்சைப் பொதியாக அழுத்திக் கட்டி, பிறகு ஆணி உருளைகளால் அடித்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அந்த அடியைத் தாங்குகிற பருத்தியே ஆலைக்கு ஏற்றது. கை, கிடைத்த பருத்திக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது.

ஆலையும் 100-ம் நம்பர் நூற்கிறதே, அதுவும் சீராக, என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதற்குச் சுவின் போன்ற மிக நீண்ட நார்ப் பருத்தி தேவை. நாட்டுப் பருத்தியிலிருந்து மெல்லிய நூல் எடுப்பது வேறு வகைத் திறமை. ஏற்ற இறக்கம்தான் கைநூலின் அழகு என்ற வாதத்தையும் ஏற்க முடியாது. தேர்ந்த நூற்பாளர் சீரான நூலுக்கே முயல்கிறார். தடித்தும் மெலிந்தும் வரும் இழையை ஆலைகளே இன்று வேண்டுமென்று தயாரிக்கின்றன. அதை வைத்துக் கதரை அடையாளம் காண்பவர் எளிதில் ஏமாறுவார். பஞ்சு நசுங்காத மென்மை, உடுத்தும்போது உணரும் காற்றோட்டம், துவைக்கத் துவைக்கக் கூடும் இதம் ஆகியவையே நம்பத்தகுந்த குறிகள்.

கதர் என்று விற்கும் துணி எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. பல இடங்களில் ஆலையில் தயாரான, ரோவிங் எனப்படும் தளர்ந்த திரியைப் பல கதிர் கொண்ட ராட்டையில் முறுக்குகிறார்கள். நூற்பவரின் உழைப்புச் சுமையை அது குறைத்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ஆயினும் பஞ்சை ஆலை பக்குவம் செய்த துணியும் முழுவதும் கையால் ஆன துணியும் ஒரே விலைக்கு உரியவை அல்ல. அந்த வேறுபாட்டுக்கு விலை கொடுக்காமல் ரசனையை மட்டும் பேசினால், சீவுகிற பெண்ணின் கூலி உயராது. அடுத்த முறை கதர்க் கடைக்குப் போகும்போது நூல் எங்கே நூற்கப்பட்டது என்று மட்டும் கேட்காதீர்கள். பஞ்சை யார் சீவினார்கள் என்றும் கேளுங்கள்.