முதல் பிழை

பௌர்ணமி என்றால் திருவண்ணாமலையில் விடியவிடிய கிரிவலக் கூட்டம். மாடியறையில் எனக்கு லினக்ஸ் கெர்னலும் ஜிசிசி கம்பைலரும். மேக் கட்டளை கொடுத்ததும் பிழைகள் திரையை விட்டு ஓடும். பழகியவர் பதறமாட்டார். மேலே உருட்டிப்போய் முதல் பிழையை மட்டும் பார்ப்பார். ஏதோ ஒரு ஹெட்டர் கோப்பு விட்டுப்போயிருக்கும். சேர்த்தால் கீழே இருந்தவையெல்லாம் புளியம்பழமாய் உதிரும். அந்தச் சுகமே தனி. அரைப்புள்ளி விடுபட்ட இடத்தை ஜிசிசி சின்னக் கூரைக்குறி போட்டுக் காட்டுவதும், மாறியின் பெயரைத் தப்பாக அடித்தால் ‘இதைத்தானே சொன்னீர்கள்’ என்று பக்கத்துப் பெயரை நீட்டுவதும் அழகு.

நிரல் ஓடினால் மட்டும் போதாது, வாசிக்கவும் வர வேண்டும். கெர்னல் நடையில் உள்தள்ளல் என்றால் ஒரு டேப், 8 எழுத்து அகலம். நாலாவது அடுக்குக்குள் நுழைந்தாலே வரி வலது ஓரத்தில் இடிக்கும். ஃபங்ஷனைப் பிரிக்கத் தோன்றும். இந்த நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் கொஞ்சம் நச்சரிப்புதான் (மாமியார் கெட்டார்!). ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் எழுதிய நிரலை ஒருவரே எழுதியதுபோல வாசிக்க முடிகிறது. வரிக் கடைசியில் தொங்கும் வெற்றிடம் கிட் டிஃப்பில் சிவப்புக் கட்டமாகத் துருத்தும். ஒரு பேக்ஸ்பேஸ், போயே போச்சு.