பலியாடு: ஒரு சிலேடையின் பொருள்

சென்னைப் பனையூரில் 10.9.2023 அன்று நடைபெற்ற ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சியில் நெரிசல் மூண்டது. நுழைவுச்சீட்டு இருந்தும் பலர் உள்ளே செல்ல இயலவில்லை. பெண்கள் சிலர் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகக் கூறினர். நடத்திய நிறுவனம் முழுப் பொறுப்பேற்றது. ஏ.ஆர். ரகுமானோ ஆங்கிலச் சிலேடையொன்றைக் கையாண்டார். ‘எக்காலத்திலும் தலைசிறந்தவர்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்தால் ‘ஆடு’ என்னும் சொல்லாகும். சிலர் தம்மை அவ்வாறு அழைப்பதைச் சுட்டி, இம்முறை தாம் பலியாடாக இருப்பதாக எழுதினார். தமிழில் ‘பலியாடு’ எனப் பெயர்த்தால் புகழ்ச்சி உதிர்ந்துவிடும். எஞ்சுவது, பிறர் குற்றத்தைச் சுமக்கும் குற்றமற்ற உயிர் என்னும் பொருளே. அஃதாவது, பொறுப்பை ஏற்கும் சொல்லே பழியை மறுக்கவும் செய்கிறது. மூலத்தில் சிலேடைச் சுவை இதனை மறைக்கிறது. மேடையிலிருப்பவர் வாயிலில் நிகழ்வதை அறியார் என்பது உண்மையே. ஆயினும் கூட்டம் திரண்டது அவர் பெயருக்காக. சிலேடையற்ற இன்னொரு பதிவில் அவர் ‘சென்னை மக்களே’ என விளித்து, சீட்டின் படியையும் குறைகளையும் அனுப்பக் கோரினார். பொறுப்பேற்பு அங்குதான் உள்ளது.