பிறந்தநாள் வாரத்துச் சாப்பாடு

பிறந்தநாளை ஒரே நாளில் முடித்துவிடாமல் வாரம் முழுக்க இழுத்துக் கொண்டாடும் வழக்கம் எங்கள் தோழிகள் வட்டத்தில் ஊறிப்போன ஒன்று. திங்கட்கிழமை பள்ளித் தோழிகள், புதன்கிழமை அலுவலகத் தோழிகள், வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாதவர்கள் என்று மதுரையின் சாப்பாட்டுக் கடைகளை அந்த வாரம் பங்கு போட்டுக்கொள்ளும். பிறந்தநாள்காரி மட்டும் பர்ஸைத் திறக்கக் கூடாது.

என் ஓட்டு எப்போதும் அழகர்கோவில் சாலை அம்மா மெஸ்ஸின் அயிரை மீன் குழம்புக்குத்தான். விரல் நீளம்கூடத் தேறாத மீன் அது. சேற்றில் மேய்வது என்பதால் உயிரோடு பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விட்டு, வயிற்று மண்ணைக் கக்கவைத்து, கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவிய பிறகே புளிக்குழம்பில் போடுவது நம் ஊர்ப் பக்குவம். முள் பார்க்க வேண்டியதில்லை, தலையோடு மெல்லலாம். சோற்றில் குழி பறித்து ஊற்றினால் ஓரத்தில் நல்லெண்ணெய் பிரிந்து நிற்கும். தொட்டுக்கொள்ள நல்லி எலும்பு ஆம்லெட்.

இந்த விருந்துக்கு மதியம்தான் சரி. ராத்திரி என்றால் எல்லோருக்கும் வீட்டு நினைப்பு வந்துவிடும். இலை போட்டுச் சாப்பிட்டால் குழம்பு, ரசம், மோர் என்று ஒவ்வொன்றும் வரும் இடைவெளியில் மனம்விட்டுப் பேசலாம். மாமியார் உடம்பு, மகளின் வரன் எல்லாம் ரசத்துக்குள் வந்துவிடும்.

பிறகு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். வயிற்றில் இடமில்லை என்பவளுக்கும் ஒரு டம்ளர் உண்டு.