எழுமலை என்று தேடினால்

எங்கள் ஊரின் பெயரைக் கூகுளில் தேடுகிறவர் பெரும்பாலும் திருப்பதிக்குப் போய்ச் சேருகிறார். எழுமலை என்று தட்டச்சு செய்தால், ஏழுமலை என்பதைத்தான் தவறாக அடித்துவிட்டோம் என்று தேடுபொறி எண்ணிக்கொள்கிறது. ஏழுமலையான் வருகிறார், 2002இல் அர்ஜுன் நடித்த ‘ஏழுமலை’ வருகிறது, அந்தப் பெயர் கொண்ட எத்தனையோ மனிதர்கள் வருகிறார்கள். ஆங்கில எழுத்தில் தேடினாலும் ழகரத்தை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பதால், கண்ணூர்ப் பக்கத்து ஏழிமலையும் வந்து கலந்துகொள்கிறது. உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, பேரையூர் வட்டத்தில், மலையைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் பேரூராட்சி, ஒரு நெடிலுக்கும் குறிலுக்கும் இடையில் காணாமல் போகிறது.

இப்படி ஓர் ஊரில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு வாசகர் எங்கிருந்து வருவார்? இரண்டு வழிகள் உண்டு. குறித்த நாளில் குறித்தபடி எழுதுகிறவரிடம் வழக்கத்தால் வருகிறவர் ஒருவர். வேறு எதையோ தேடப்போய் நம் வாசலில் வந்து நிற்பவர் இன்னொருவர். இன்று இணையத்தில் எழுதுவோர் இரண்டாமவரைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். தமிழில் இந்த இரண்டு வழிகளும் எப்படி உருவாயின என்று பார்த்தால், முதலாமவர்தான் எழுத்தைத் தாங்கியிருக்கிறார் என்பது தெரிகிறது. ஆனால் தேடிக் கிடைக்காத எழுத்து எவ்வளவு எளிதில் அழியும் என்பதும் அதே வரலாற்றில்தான் இருக்கிறது.

எழுமலையிலிருந்து உசிலம்பட்டி போய், அங்கிருந்து வடக்கே போனால் வத்தலகுண்டு. விடாமல் எழுதுவதன் கதையைச் சொல்ல அந்த ஓர் ஊரே போதும். வத்தலகுண்டில் பிறந்த பி. ஆர். ராஜமையர், 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ மாத இதழில் ‘கமலாம்பாள் சரித்திர’த்தைத் தொடராக எழுதினார். மதுரைப் பக்கத்துச் சிறுகுளம் என்னும் கிராமத்தில் நடக்கும் கதை. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. மாதம் ஒருமுறை காத்திருந்து படிக்கிற நாவல் வாசகர் என்ற ஒருவர் அப்போதுதான் தமிழில் உருவாகிக்கொண்டிருந்தார். ராஜமையர் 1898இல், 26 வயதில் மறைந்தார். அதே ஊர்க்காரரான பி. எஸ். ராமையா ‘மணிக்கொடி’யைச் சிறுகதைக்கான இதழாக மாற்றி நடத்தினார். வத்தலகுண்டிலேயே வளர்ந்த சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 119 இதழ்கள் கொண்டுவந்தார். மாதந்தோறும் வந்தது பின்னர் காலாண்டிதழாகி, 1970இல் நின்றது.

செல்லப்பாவிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். ‘எழுத்து’ விற்ற பிரதிகளை மட்டும் எண்ணினால் அது தோல்வி. ஆனால் அதைத் தொடர்ந்து படித்தவர்களே அதில் எழுதவும் வந்தார்கள். வெங்கட் சாமிநாதனும் திருகோணமலையில் பிறந்த பிரமிளும் அப்படி வந்தவர்கள். புதுக்கவிதை அங்கே வேர்பிடித்தது. ஓர் இதழ் தவறாமல் வருகிறது என்ற நம்பிக்கைதான், எங்கோ ஒரு சிற்றூரில் இருப்பவரை எழுதி அனுப்பத் தூண்டுகிறது. ஒரு மாதம் வந்து மூன்று மாதம் காணாமல் போகிற இதழுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை.

செல்லப்பாவின் ‘வாடிவாசல்’, ஜல்லிக்கட்டைப் பற்றிய மிகச் சிறிய புத்தகம். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு சிறு வட்டத்துக்குள் இருந்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் மதுரை தமுக்கத்திலும் இளைஞர்கள் திரண்டபோது, அதுவரை செல்லப்பாவைக் கேள்விப்படாத பலரின் கைக்கும் அந்தப் புத்தகம் போனது. தேடுகிறவர்கள் ஒரு நாள் திடீரென்று வருவார்கள், அப்போது எழுத்து அங்கே இருக்க வேண்டும். செல்லப்பா எழுதி வைத்திருந்தார்.

வார இதழ்களின் காலத்தில் இந்த இரண்டு வழிகளும் ஒரே தாளில் அச்சாயின. 1928இல் எஸ். எஸ். வாசன் ‘ஆனந்த விகட’னை வாங்கிய பிறகு அதில் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் பெருங்கூட்டத்தை இழுத்தன. பரிசுக்காக வந்த கூட்டம் அது. கட்டத்தை நிரப்ப வாங்கியவரின் கண் பக்கத்துப் பக்கத்திலிருந்த கல்கியின் எழுத்தில் பட்டது. இன்றைய தேடுபொறி செய்கிற வேலையை அன்றைக்குப் போட்டி செய்தது. வந்தவரை அடுத்த வாரமும் வரவைத்தது தொடர்கதை. கல்கி 1941இல் தன் பெயரிலேயே இதழ் தொடங்கி, 1950 அக்டோபரிலிருந்து மூன்றரை ஆண்டுகள் ‘பொன்னியின் செல்வ’னை வாரந்தோறும் எழுதினார். இதழ் வந்ததும் யார் முதலில் படிப்பது என்று வீடுகளில் நடந்த சண்டையைப் பாட்டிமார் இன்றும் சொல்கிறார்கள். எங்கள் தலைமுறையில் அதற்கு இணையாக நான் கண்டது, நூறு வாரங்களுக்கு மேல் விகடனில் வந்த சு. வெங்கடேசனின் ‘வேள்பாரி’. உசிலம்பட்டிப் பேருந்து நிலையக் கடையில் வியாழக்கிழமையே இதழுக்குச் சொல்லி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இந்த வரிசையில் என்னை மிகவும் நெகிழவைப்பவர் உ. வே. சாமிநாதையர். ‘என் சரித்திர’த்தை 1940 ஜனவரியில் விகடனில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு 84 வயது. வாரம் தவறாமல் எழுதி, 122 அத்தியாயங்கள் ஆன நிலையில், 1942 ஏப்ரலில் மறைந்தார். தேடி வருகிறவரைப் பற்றிய பாடமும் அவரிடமே இருக்கிறது. சீவக சிந்தாமணி, புறநானூறு போன்றவற்றைப் பதிப்பித்தபோது, ஒரு சொல்லோ பெயரோ எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க அகராதிகளைச் சேர்த்தார். படிப்பவர் முதல் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நடுவில் நுழைகிறவருக்கும் கதவு வைத்தார். அதே எண்ணத்தில்தான் மதுரைத் தமிழ்ச் சங்கம், பாண்டித்துரைத் தேவரின் ஆதரவோடு, ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’யை 1910இல் வெளியிட்டது. ஒரு பெயரைத் தேடிப் போய் இன்னொரு பெயரில் மாட்டிக்கொண்டு ஒரு மதியம் முழுவதும் அதில் கழிந்த அனுபவம் எனக்கு உண்டு.

இணையம் வந்தபோது தமிழுக்கு நேர்ந்த பெரிய இழப்பைப் பற்றிப் போதுமான அளவு யாரும் வருந்தவில்லை என்று நினைக்கிறேன். 1990களின் பிற்பாதியில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடந்தது குறியீட்டுக் குப்பைதான். ஒரு தளத்தில் ‘க’ இருந்த இடத்தில் இன்னொரு தளத்தில் வேறொன்று இருந்தது. தேடுபொறிக்கு அது மொழியாகவே தெரியவில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு ‘தாம்’, ‘தாப்’ என்ற குறியேற்றங்களை ஏற்றது. அயலகத் தமிழர்களிடையே ‘தஸ்கி’ புழங்கியது. யூனிகோடில் தமிழுக்கு 1991இலிருந்தே இடம் இருந்தும், அது கைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்குள் நாள்தோறும் உழைத்து எழுதப்பட்டவற்றில் எவ்வளவோ தேடினாலும் கிடைக்காத இடத்துக்குப் போய்விட்டது. அந்த எழுத்துகளைப் படிக்கக்கூடிய யூனிகோடாக மாற்றுவதற்குச் சுரதா யாழ்வாணன் செய்து கொடுத்த ‘பொங்குதமிழ்’ மாற்றி எத்தனை பேரின் பழைய எழுத்தைக் காப்பாற்றியது என்பதற்குக் கணக்கில்லை.

மதுரையின் பெயரை வைத்துக்கொண்ட ‘மதுரைத் திட்டம்’ இதை உணர்ந்த முயற்சி. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கினார். தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், பிழை பார்த்தார்கள், குறியேற்றம் மாறியபோது மாற்றிக் கொடுத்தார்கள். இன்று ஒரு குறளையோ கல்கியின் ஒரு வரியையோ தேடினால் கிடைப்பதன் பின்னால் அந்தக் கைகள் இருக்கின்றன. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பணியாற்றிய ப. பாண்டியராஜா, ஓய்வுக்குப் பின் சங்க இலக்கியத்துக்கும் அதைத் தாண்டியும் தொடரடைவுகள் உருவாக்கி இணையத்தில் வைத்தார். ‘முல்லை’ எங்கெங்கே வருகிறது என்று கேட்டால் அடியோடு காட்டும். ஒரு மனிதரின் அன்றாட உழைப்பும் தேடலும் இவ்வளவு முழுமையாக ஒன்று சேர்ந்த இடம் வேறு எனக்குத் தெரியாது.

2003இல் தமிழில் வலைப்பதிவுகள் தோன்றின. 2004இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய ‘தமிழ்மணம்’ அவற்றைத் திரட்டிக் காட்டியது. காலையில் தமிழ்மணத்தைத் திறந்து, இன்று யார் எழுதியிருக்கிறார் என்று பார்ப்பது பலருக்குச் செய்தித்தாள் படிப்பது போல ஆனது. ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் சுட்டி கொடுத்து மறுப்பு எழுதுவார். ஒரு பக்கத்தை எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்பதை மதிப்பாகக் கொள்வதுதான் கூகுள் 1998இல் தொடங்கியபோதே அதன் அடிப்படை. ஆகவே அந்த வாதங்களும் சண்டைகளுமே எல்லோரையும் தேடலில் மேலே தூக்கின. பிறகு பேச்சு முகநூலுக்குள் போனது. அங்கே பேசியதில் பெரும்பகுதி தேடுபொறியின் கண்ணில் படுவதில்லை. பேசியவரே ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் எடுக்க முடிவதில்லை. அன்று நின்றுபோன தளங்களில் பாதியாவது தொடர்ந்திருந்தால் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தொடர்ந்தவர்களில் ஜெயமோகன் தனி உதாரணம். 2014 ஜனவரி 1 அன்று தன் தளத்தில் ‘வெண்முரசை’த் தொடங்கி, 2020 ஜூலை வரை நாளுக்கொரு அத்தியாயமாக 26 நாவல்களை எழுதி முடித்தார். நள்ளிரவு கழிந்ததும் அத்தியாயம் வரும் என்று விழித்திருந்து படித்தவர்கள் உண்டு. யாரும் ‘வெண்முரசு’ என்று முன்பே தேடியிருக்க முடியாது, அந்தப் பெயரே அவர் கொடுத்தது. ஆறரை ஆண்டுகள் தொடர்ந்து வந்ததால் அது தேடப்படும் சொல்லாக ஆனது. அவரோடு எல்லாவற்றிலும் உடன்படாதவர்களும் இந்த உழைப்பின் முன் மரியாதையோடு நிற்க வேண்டும்.

நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தவர், கட்டடக் கலைஞர், அமீரகத்தில் வேலை பார்த்தவர். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோதே அதில் எழுத ஆரம்பித்து, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஆண்டுக்கணக்கில் எழுதினார். கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. ஜெயமோகனின் வாசகர் அவர் பெயருக்காக வருகிறார். மயூரநாதனின் வாசகருக்கு அவர் பெயரே தெரியாது. பள்ளிப் பாடத்துக்காக எதையோ தேடிய பிள்ளை, அவர் எழுதியதைப் படித்துவிட்டுப் போயிருக்கும்.

தமிழைத் தேடுவதில் தமிழுக்கே உரிய சிக்கல்கள் உண்டு. எழுமலைக்கு, எழுமலையில், எழுமலைப் பக்கம் என்று சொல் வளர்ந்துகொண்டே போகும். ‘கௌதம்’ என்பதன் ஔகாரக் குறியை ளகரம் வைத்து அடித்தால் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு அது வேறு சொல். பெருங்காமநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்த மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டுக் கொன்ற, எங்கள் பக்கத்து ஊர். அதை நல்லூர், னல்லூர் என்று இரண்டு விதமாகவும், ஆங்கில எழுத்தில் இன்னும் பல விதமாகவும் எழுதுகிறார்கள். அந்த ஊரைப் பற்றி எழுதும்போது மக்கள் சொல்கிற எல்லா வடிவங்களையும் கட்டுரைக்குள் இயல்பாகக் கொண்டுவருவேன். அந்த நினைவு ஓர் எழுத்துப் பிழையால் தொலைந்துவிடக் கூடாது.

2018 பிப்ரவரியில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழ்த் தளங்களுக்கும் வந்தது. எழுத்துக்குக் காசு வரும் என்பது நல்ல செய்திதான். கூடவே, மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்து அதே சொற்களைத் திரும்பத் திரும்ப வைத்து எழுதப்பட்ட பக்கங்களும் பெருகின. பட்டா மாறுதல், ரேஷன் அட்டை, பாட்டி வைத்தியம் என்று தலைப்பு இருக்கும், உள்ளே விஷயம் இருக்காது. அவற்றை எழுதியவரை யாரும் மறுபடி தேடிப் போவதில்லை. இப்போது தேடுபொறியே பதிலைத் தொகுத்து மேலே வைக்கத் தொடங்கியிருப்பதால், பதிலுக்காக மட்டும் வந்த கூட்டம் அந்தப் பக்கங்களுக்குள் நுழையாமலேயே திரும்புகிறது.

சில ஆண்டுகளாக எழுமலையைப் பற்றியும் சுற்றுப்பட்டிகளைப் பற்றியும் வாரம் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். கண்மாய்ப் பெயர்கள், 58 கிராமக் கால்வாய், மானாவாரிக் காட்டில் பருத்தி போட்ட காலம் என்று எழுதுவேன். பல வாரங்கள் என் சித்தப்பா மட்டும் படித்துவிட்டு, “என்னடா, அந்தக் கெணத்தை விட்டுட்ட?” என்று கேட்பார். அவர் கேட்பார் என்பதற்காகவே அடுத்த வாரமும் எழுதினேன்.

மாசிச் சிவராத்திரி எங்கள் பக்கம் மாசிப்பச்சை. உசிலம்பட்டியிலிருந்து பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குச் சாமிப் பெட்டி போகும். திருப்பூரிலும் சென்னையிலும் பிழைக்கப் போன குடும்பங்கள் குலதெய்வம் கும்பிட ஊர் திரும்பும். தாத்தா இறந்துபோய், எந்தக் கோயில், எந்தப் பாதை என்று சொல்ல ஆளில்லாத பிள்ளைகள் மாசிக்கு முந்தின வாரங்களில் செல்பேசியில் தேடுகிறார்கள். ஒரு புரட்டாசியில், யாரும் கேட்காதபோது, சித்தப்பா வாயால் கேட்டுக் கோயில்களையும் வழிகளையும் எழுதி வைத்திருந்தேன். அடுத்த மாசியில் திருப்பூரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அவருடைய தாத்தா சொன்ன புளியமரம் என் கட்டுரையில் இருந்ததாம். மரம் இப்போதும் நிற்கிறதா என்று கேட்டிருந்தார். சித்தப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு பார்த்துவர அன்று சாயங்காலமே கிளம்பினோம்.