படக்கதைகளில் பகைவர் கூட்டம் – ஒரு நோக்கு

மாணவர் எதைக் குறித்து மனம் ஒன்றி வாதிடுகின்றனரோ, அதனை ஆசிரியர் அறிந்திருத்தல் நன்று. ஸ்ரீ கெம்பாங்கானில் தமிழ் பயிலும் நான்காம் படிவ மாணவர் சிலர், வகுப்பு முடிந்த பின்னும் எழாமல் நெடுநேரம் வாதிட்டுக் கொண்டிருந்ததை ஒருநாள் கேட்க நேர்ந்தது. வாதத்தின் பொருள், விரைவில் வரவிருக்கும் ஒரு படக்கதை. அதில் எந்தெந்தக் கொடியவர் ஒன்றுகூடுவர், அக்கூட்டத்துக்குத் தலைவன் யார், அவருள் முதலில் பிரிந்து செல்பவன் யார் என்பனவே வினாக்கள். ஒருவன் ஒன்றைச் சொன்னால் மற்றவன் பழைய இதழிலிருந்து சான்று காட்டி மறுத்தான். பாத்திரங்களின் இயல்பு, அவர்களது முன்கதை, ஆசிரியர் மாறியதால் கதைப்போக்கில் நேர்ந்த மாற்றம் ஆகிய அனைத்தும் அவ்வாதத்தில் இடம் பெற்றன.

மறுநாள் அதே மாணவரிடம், கும்பகருணன் இராமனிடம் வந்து சேராதது ஏன் என்று வினவினேன். குறிப்பேட்டைப் புரட்டி, ‘செஞ்சோற்றுக் கடன்’ என்று ஒரே குரலில் விடை கூறினர். அக்கடன் சரியானதுதானா என்று மீண்டும் வினவியபோது வகுப்பில் மௌனம் நிலவியது. தேர்வில் வராத வினா அது.

இவ்விரண்டு காட்சிகளுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. வரவிருக்கும் படக்கதையைப் பற்றிப் பேசுகையில் திறனாய்வாளராக விளங்குபவர்கள், இலக்கிய வகுப்பில் குறிப்பெடுப்பவர்களாக மட்டும் மாறிவிடுவதேன்? எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியத்தைத் தேர்ந்தெடுக்கத் தயங்கும் மாணவரைக் குறை கூறுவதற்கு முன்னர், இவ்வினாவுக்கு நாம் விடை காண வேண்டும்.

கொடியவனாகத் தோன்றிய தலைவர்கள்

படக்கதை என்றதும் முகம் சுளிக்கும் ஆசிரியர் பலர், தம் இளமையில் அதனைப் படித்தவர்களே. 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் இதழ்களும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் இதழ்களும் கடல் கடந்து நம் கைகளுக்கும் வந்தன. கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தமிழக வார இதழ்களோடு தொங்கிய அச்சிறு நூல்களைக் காசு சேர்த்து வாங்கியவர்களுள் யானும் ஒருவன். ஒருவர் வாங்கியதைப் பத்துப் பேர் படிப்பர். கதையை முடித்தவுடன் கண்கள் தேடுவது, அடுத்த வெளியீட்டைப் பற்றிய அறிவிப்பைத்தான். இங்கிலாந்தில் வாரந்தோறும் சில பக்கங்களாக வந்த தொடர்களைத் தமிழில் முழுக்கதையாகவே படித்ததால், கதைக்குள் இருந்த காத்திருப்பு நமக்கு வாய்க்கவில்லை. நம் காத்திருப்பெல்லாம் அந்த அறிவிப்புப் பக்கத்தில் தங்கியிருந்தது. ஒரு படத்தையும் தலைப்பையும் வைத்துக்கொண்டு, வரப்போகும் பகைவன் எத்தகையவன் என்று ஒரு மாத காலம் பேசினோம்.

அக்காலத்தில் தமிழ் வாசகர் மிகவும் போற்றிய தலைவர் இருவர். ஒருவன் இரும்புக்கை மாயாவி, மற்றவன் ஸ்பைடர். இவ்விருவரிடமும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே கொடியவர்களாகக் கதைக்குள் நுழைந்தவர்கள். 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் இதழில் தோன்றிய மாயாவி, மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடல் முழுதும் மறைந்துவிடும் தன் ஆற்றலைத் தொடக்கத்தில் குற்றம் புரியவே பயன்படுத்தினான். பின்னரே அரசின் உளவுப் பணிக்கு வந்தான். 1965இல் லயன் என்னும் ஆங்கில இதழில் தோன்றிய ஸ்பைடரோ, குற்ற உலகின் பேரரசனாக விரும்பியவன். பூட்டுகளைத் திறப்பதில் வல்ல ஆர்டினியையும், அறிவியலறிஞர் பெல்ஹாமையும் சேர்த்துக்கொண்டு அவன் முதலில் அமைத்ததே ஒரு கொடியவர் கூட்டந்தான். அவனுடைய செருக்குக்குப் போட்டியாகப் பிற கொடியவர் தோன்றிய பிறகே, அவர்களை அடக்கும் வேலையை அவன் மேற்கொண்டான்.

ஸ்பைடரின் கதைகளுள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷூஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர் அவர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பள்ளி மாணவர்களாகவும் அறிவியல் புனைகதைச் சுவைஞர்களாகவும் இருந்த அவ்விருவரும், தாமே வெளியிட்ட ஒரு சிற்றிதழில் 1933இல் ஒரு கதையை அச்சிட்டனர். அக்கதையில் சூப்பர்மேன் என்னும் பெயருடையவன், உலகை ஆள விரும்பிய ஒரு கொடியவன்! 1938இல் வெளிவந்த நல்லவன், அக்கொடியவனைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்ததன் பயன் எனலாம். சுவைஞரின் பேச்சு வீண்பேச்சாகவே முடியும் என்பார்க்கு இந்நிகழ்ச்சி ஒரு விடையாகும்.

கூட்டத்தைச் சேர்த்து வைப்பது எது?

இனி, மாணவர் விரும்பிப் பேசும் பகைவர் கூட்டங்களை நோக்குவோம். இவற்றுள் பெயர் பெற்றது, 1964இல் ஸ்பைடர்மேன் ஆண்டு மலரில் தோன்றிய அறுவர் கூட்டம். டாக்டர் ஆக்டோபஸ் அதன் தலைவன். அறுவரும் தனித்தனியே தோற்றவர்கள். பழி தீர்க்கவே கூடினர். ஆயினும் அவர்கள் சேர்ந்து தாக்கவில்லை. ஒருவர்பின் ஒருவராகவே சென்று மோதினர், ஒவ்வொருவராகவே தோற்றனர். வெறுப்பு மனிதரை ஓரிடத்தில் கூட்டுமேயன்றி ஒன்றாக்காது என்னும் உண்மையை அக்கதை தன்னை அறியாமலே காட்டிவிடுகிறது. படக்கதைகளில் வரும் கூட்டங்கள் பெரும்பாலும் இவ்வாறே பொறாமையால் உடைகின்றன. யார் முதலில் பிரிவான் என்று நம் மாணவர் கேட்டதற்கும் இதுவே காரணம்.

நம் காப்பியங்களிலும் பகைவர் கூட்டங்கள் உள்ளன. துரியோதனன், கன்னன், சகுனி, துச்சாதனன் ஆகிய நால்வரை ஒரு கூட்டமாகவே வழங்குகிறோம். இலங்கையில் இராவணன், கும்பகருணன், இந்திரசித்தன் உளர். கந்தபுராணத்தில் சூரபதுமன், சிங்கமுகன், தாரகன் உளர். ஆனால், இக்கூட்டங்கள் பொறாமையால் உடைவதில்லை. சீதையை விட்டுவிடுமாறு அண்ணனுக்கு அறிவுரை கூறிய கும்பகருணன், அது ஏற்கப்படாதபோது, தோல்வி உறுதி என்று தெரிந்தும் போர்க்களம் புகுகின்றான். தேவரைச் சிறையிலிருந்து விடுமாறு கூறிய சிங்கமுகனும் அவ்வாறே செய்கின்றான். தான் யார் என்பதை அறிந்த பின்னும் கன்னன் நண்பனைக் கைவிடவில்லை. அறுவர் கூட்டத்தை அழிப்பது அவர்தம் தீமை. நம் காப்பியப் பகைவரை அழிப்பதோ அவர்களிடம் உள்ள நன்மை. நன்றியும் பாசமும் நட்புமே அவர்களைத் தவறான பக்கத்தில் கட்டி வைக்கின்றன. வீடணன் செய்தது அறமா, கும்பகருணன் செய்தது அறமா என்னும் வினா, எந்தப் படக்கதை வாதத்துக்கும் குறைந்ததன்று.

யாருடைய பகைவன்?

படக்கதையை இவ்வாறு அளந்து பார்க்கும்போது அதன் குறைகளும் புலனாகும். 1936இல் லீ ஃபால்க் படைத்த வேதாளர் நம்மிடையே பெரும் புகழ் பெற்றவர். அவர் மரபின் பகைவர் யார்? 1536இல் ஒரு வணிகக் கப்பலைத் தாக்கி அழித்த ‘சிங்’ என்னும் கடற்கொள்ளையர் கூட்டம். முகமூடித் தலைவர்களுள் முன்னோடியாகிய ஒருவருக்கு அமைந்த முதற்பகைவர் கூட்டம் இந்தியப் பெயர் தாங்கி நிற்கிறது! தலைவரோ வெள்ளையர். காட்டுமக்கள் அவரை வணங்கி அவர் சொற்படி நடப்பவர். இக்கதையைச் சிறுவயதில் நாம் விரும்பிப் படித்தோம். பகைவனுக்கு நம்மவர் பெயரை இட்டது யார், ஏன் என்று அப்போது வினவவில்லை. இப்போது வினவலாம்.

இவ்வூரில் வாழ்வோர்க்கு இவ்வினா புதிதன்று. 1950களின் தொடக்கத்தில், அவசரகாலத்தின்போது, கிளர்ச்சியாளரிடமிருந்து மக்களைப் பிரித்து வைப்பதற்காக அமைக்கப்பட்ட புதுக்கிராமங்களுள் ஸ்ரீ கெம்பாங்கானும் ஒன்று. அன்று அதன் பெயர் செர்டாங் பாரு. பகைவன் யார் என்பதை முடிவு செய்தவர் ஒருவர். அம்முடிவுக்காக வீடு பெயர்ந்து வேலிக்குள் வாழ்ந்தவர் வேறொருவர்.

யாருடைய பகைவன் என்னும் இவ்வினாவை ஆழமாக எழுப்பியவர்கள் சங்கப் புலவர்களே. தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்தவர் சேரனும் சோழனும் வேளிர் ஐவருமாக எழுவர். இன்றைய படக்கதை ஆசிரியர் எவரும் விரும்பும் காட்சி இது. மிக இளையவனாகிய ஒருவன், தன்னை எதிர்த்துக் கூடிய ஏழு தலைவரை வெல்கின்றான். இடைக்குன்றூர்கிழார் இதனைப் பாடியிருக்கின்றார். அப்பகைவரை அவர் அரக்கராகக் காட்டவில்லை. அம்மன்னன் அவர்களைக் கண்டு வியக்கவும் இல்லை, அவர்களை இழிவாகக் கருதவும் இல்லை என்பதையே அவனது பெருமையாகக் கூறுகின்றார். பகைவனை எவ்வாறு நோக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கணம் இருப்பதாகத் தோன்றவில்லை. தும்பைப் போரில் இருபக்கத்தாரும் ஒரே பூவைச் சூடுவர் என்னும் புறத்திணை மரபையும் ஈண்டு நினைவுகூரலாம்.

அதே மூவேந்தர் மற்றொரு களத்தில் வேறு முகம் காட்டுகின்றனர். தம்முள் ஓயாது போரிட்ட சேர சோழ பாண்டியர், பாரியை அழிப்பதற்கு மட்டும் ஒன்றுகூடிப் பறம்பு மலையை முற்றுகையிட்டனர். வேறு பாடல்களில் கொடையும் வீரமும் உடையவர்களாகப் போற்றப்பட்ட அம்மரபினர், கபிலர் பாடல்களில் ஒரு சிற்றரசனைச் சூழ்ந்த பகைவர் கூட்டமாக நிற்கின்றனர். அவர்தம் கொடி மாறவில்லை, முடி மாறவில்லை. பாடுபவர் நிற்கும் இடம் மட்டும் மாறியது. தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிரின் பக்கம் நின்று நோக்கும்போது, தமிழ் நாட்டின் முப்பெருவேந்தரே கொடியவராகிவிடுகின்றனர். இதனைத் துணிந்து பாடியதும், பாடியதைப் பாதுகாத்துத் தொகுத்ததும் நம் இலக்கியத்தின் பெருமையாகும்.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்குத் தன்னேரில்லாத் தலைவன் வேண்டும் என்கிறது. பகைவன் எத்தகையவனாக இருத்தல் வேண்டும் என்பதற்கு அவ்விலக்கணத்தில் தனி விதி இல்லை. ஒருவேளை அதனால்தான், நாமும் தலைவனின் பண்புகளை எண்ணிட்டு எழுதச் சொல்லிவிட்டுப் பகைவனை ஒரு வரியில் முடித்துவிடுகின்றோம். இளைஞரின் மனமோ பகைவனிடமே முதலில் செல்கிறது. தலைவனின் ஆற்றலை அளக்க அவர்களுக்குக் கிடைக்கும் கோல் பகைவன்தான்.

படக்கதையைப் பாடநூலாக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. அடுத்து என்ன நடக்கும் என்னும் ஆவலை மட்டுமே நம்பி வாழும் கதை, அது நடந்து முடிந்தவுடன் ஆறிப்போகும். கும்பகருணன் மாள்வான் என்பது கம்பனைக் கேட்க வந்த அனைவரும் அறிந்தது. அறிந்திருந்தும் அவர்கள் கேட்டனர். ஏன் மாண்டான், மாளாதிருக்க வழி இருந்ததா என்னும் வினாக்கள் கதை முடிந்த பின்னும் எஞ்சி நின்றன. மாணவரை முதல்வகை ஆவலிலிருந்து இரண்டாம் வகைச் சிந்தனைக்கு அழைத்துச் செல்வது ஆசிரியர் பணி. அவர்கள் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டனர். அதனை அறியாமல் நாம் அவர்களை மீண்டும் தொடக்கத்தில் நிறுத்துகின்றோம்.

அன்றைய மௌனத்துக்குப் பின் மற்றொரு வகுப்பில் அதே வினாவை வேறு வகையாகக் கேட்டுப் பார்த்தேன். இலங்கையின் கூட்டத்தில் முதலில் பிரிந்தவன் யார், அவன் பிரிந்தது சரியா, பிரியாதவன் செய்தது சரியா, சான்று காட்டுக என்றேன். குறிப்பேடுகள் மூடப்பட்டன. வீடணனைக் காட்டிக்கொடுத்தவன் என்றான் ஒருவன். நாட்டைக் காக்க முயன்றவன் அவன் ஒருவனே என்று ஒரு மாணவி எழுந்து மறுத்தாள். அதற்குச் சான்று எங்கே என்று மூன்றாமவன் கேட்க, முதன்முறையாக அவர்களாகவே பாடநூலைத் திறந்து செய்யுளைத் தேடினர். மணி அடித்த பின்னும் வாதம் முடியவில்லை. அவர்கள் எழவும் இல்லை.