சாப்பிடும் இடத்துக்கு ஒரு மறைப்பு

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் வரும் வழியெல்லாம் புது வீடுகள் எழுகின்றன. பெரும்பாலானவற்றில் ஹாலும் சாப்பாட்டு இடமும் ஒன்றுதான். வாசலில் நின்றாலே சோபா, அதன் முதுகுக்குப் பின்னால் ஆறு நாற்காலி போட்ட டைனிங் டேபிள், மூலையில் வாஷ்பேசின், அடுப்படி வாசல் எல்லாம் கண்ணில் படும். குறுக்கே சுவர் வைத்தால் வீடு சின்னதாகத் தெரியும் என்கிறார்கள் பொறியாளர்கள். இப்போது இதற்குப் பண்பாட்டுச் சான்று வேறு காட்டுகிறார்கள்: நம் கோயில் மண்டபத்தில் குறுக்குச் சுவர் எங்கே இருக்கிறது?

திறந்த ஹாலில் நன்மை இல்லாமல் இல்லை. செலவு குறையும், காற்று ஓடும், காதுகுத்து என்றால் சாமான்களை ஒதுக்கிவிட்டுப் பந்தி போடலாம். அரசுத் திட்டமான கலைஞர் கனவு இல்லத்தில் மொத்தமே 360 சதுர அடி. அங்கே தனி இடம் கேட்பது நியாயமில்லை. 1,200 சதுர அடியில் கட்டுகிறவர்களும் ஏன் இப்படியே கட்ட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

வந்தவரை உட்கார வைத்துவிட்டு அவர் கண்ணெதிரே சாப்பிட நமக்குக் கூசும். ஆண்களுக்காவது இதில் ஒரு வழி உண்டு; “வாங்க, ஒரு வாய் சாப்பிடலாம்” என்று அழைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட வரும் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. மணி இரண்டரை ஆகிறது. ஹாலில் மாமனாரைப் பார்க்க வந்தவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். டேபிளுக்கு வந்தால் அவர் பார்வையில் உட்கார வேண்டும். கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு, ரசத்தைச் சோற்றில் ஊற்றி, நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறாள். கடன் வாங்கி வாங்கிய அந்த டேபிளின் மேலே மாத்திரை டப்பாவும் கரண்ட் பில்லும் பிள்ளைகளின் நோட்டுகளும் கிடக்கின்றன. இதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். வீடு பெரிதாகத் தெரிவதற்கான விலையை அந்த வீட்டில் சமைக்கிறவள்தான் கொடுக்கிறாள்.

கோயிலைச் சான்றுக்கு அழைப்பவர்கள் ஆவுடையார்கோவில் ஆத்மநாதர் சந்நிதியையே பார்க்கட்டும். இங்கே லிங்கத் திருமேனி கிடையாது, அதன் பீடமான ஆவுடை மட்டும்தான். சுடச்சுட வடித்த சோற்றைச் சந்நிதிக்கு முன்னுள்ள படைகல்லில் கொட்டுகிறார்கள். அதிலிருந்து எழும் ஆவியே நைவேத்தியம். மண்டபம் எவ்வளவு திறந்திருந்தாலும் அமுதுக்குரிய இடம் அந்தக் கல்தான், அது நகர்வதில்லை. பொதுவாகவே கோயில்களில் நைவேத்திய நேரத்தில் திரை போடுகிறார்கள். சாமிக்குக் கொடுக்கும் அந்த மறைவை வீட்டுப் பெண்ணுக்கு ஏன் மறுக்க வேண்டும்?

செட்டிநாட்டு வீடுகளில் வெளியாள் வரவெல்லாம் முகப்போடும் முன்கட்டு முற்றமான வளவோடும் நின்றுவிடும். பந்தி இரண்டாம் கட்டில், சமையல் அதற்கும் பின்னால். அந்த வீடுகள் பெண்களைப் பின்கட்டிலேயே வைத்தன, திண்ணையில் யார் ஏறலாம் என்று சாதி பார்த்தன. அவை எதுவும் திரும்ப வர வேண்டாம். ஆனால் அந்தப் பின்கட்டில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், சாப்பிட்டபடியே பேசிச் சிரித்தார்கள். வளவு போனதில் வருத்தமில்லை. பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்ட அந்த இடம் போனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பெரிய செலவு ஒன்றும் கேட்கவில்லை. ஹாலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே நாலரை இன்ச் சுவர் ஒன்று, ஆள் உயரத்துக்கு, நாலைந்து அடி நீளத்துக்குப் போதும். மேலே திறந்திருப்பதால் காற்றும் தடைபடாது. சுவர் வேண்டாம் என்றால் இரண்டு பக்கமும் பயன்படும் அலமாரி வைக்கலாம். ஆறு நாற்காலி டேபிளுக்குப் பதில் நாலு பேர் உட்காரும் டேபிளை அடுப்படிச் சுவரோடு ஒட்டிப் போடலாம், வாஷ்பேசினைப் பின்வாசல் பக்கம் தள்ளலாம். இதையெல்லாம் மனையில் சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முன்பே, சமைக்கப் போகிறவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசி முடிக்க வேண்டும். கட்டி முடித்துவிட்டவர்கள் ஒரு திரைக்கம்பியாவது மாட்டலாம்.